சித்தாளும் சிலிக்கனும்

சென்னையில் சில வருஷங்களாகப் பறவைகள் பூமிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில் கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து ஃபிளமிங்கோ இறங்கியது. பின்னாலேயே ஒரு கழுகு. பனகல் பார்க்கில் மயிலும் பெலிகனும் இறங்கின. மேலே பட்டுப் புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமல் மயில் இரண்டு கிலோமீட்டர் குடைந்துகொண்டே போய், 2025-ல் கோடம்பாக்கத்தில் மூக்கை நீட்டியது. எல்லாம் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கான சுரங்கம் தோண்டும் மெஷின்கள். மாதவரம் பக்கம் இறங்கினவற்றுக்கு நீலகிரி, ஆனைமலை என்று மலைப் பெயர். கிரீன்வேஸ் ரோடிலிருந்து 2023-ல் கிளம்பியதற்குக் காவேரி என்று பெயர். அது அடையாற்றுக்கு அடியில் நுழைந்து போயிற்று. கங்கை-காவேரி இணைப்பு நடக்கிறதோ இல்லையோ, காவேரி-அடையாறு இணைப்பு சத்தமில்லாமல் நடந்தேவிட்டது.

இந்த மெஷின் சுமார் ஆறரை மீட்டர் விட்டமுள்ள ஒரு இரும்பு உருளை. முன்னால் சுழலும் தட்டு மண்ணையும் பாறையையும் சுரண்டும். சுரண்டியதைப் பின்னால் தள்ளும். தள்ளின கையோடு, தொழிற்சாலையில் முன்பே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் வில்லைகளை எடுத்து வட்டமாகச் சுவர் வைத்து, அந்தச் சுவரையே உதைத்துக்கொண்டு அடுத்த அடி நகரும். பாதை தப்பாமல் பார்த்துக்கொள்ள லேசர். இதையெல்லாம் ஓட்டுகிறவர் ஒரு சின்ன கேபினில் உட்கார்ந்து திரைகளைப் பார்க்கிறார். மண்வெட்டியைத் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம். அந்தச் சுரங்கத்தில் ஓடப்போகிற ரயிலும் டிரைவர் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டது. அதன் முதல் ரயில் 2024 அக்டோபரில் ஸ்ரீசிட்டியிலிருந்து பூந்தமல்லி டெப்போவுக்கு வந்து சேர்ந்தது.

118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இந்தத் தொகையில் எத்தனை பேருக்குச் சோறு, எத்தனை பேருக்கு ‘ஸாரி’ என்பதுதான் இந்த வார விஷயம்.

*

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடிப் பையன் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்.

“அங்கிள், ரோபோ வந்து வீடு கட்டுதாமே? நான் பேசாம கோடிங் கத்துக்கிட்டு ஓ.எம்.ஆர். போயிடட்டுமா?”

“அங்கே மட்டும் என்ன வாழுதாம்? கோடிங்கையும் இப்போ மெஷின்தான் எழுதறதாமே.”

“அப்போ எங்கேதான் அங்கிள் போறது?”

லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்துவிட்டதால் அப்போதைக்குத் தப்பித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. சென்னையில் 1794-லிருந்து சர்வே சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் சிவில் இன்ஜினியர் என்றால் பெண் கொடுத்தார்கள். இப்போது பையனே தன்னைச் சந்தேகப்படுகிறான் என்றால், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியது என்னைப் போல இந்தத் தொழிலில் முடியை இழந்தவர்களின் கடமை.

முதலில் ரோபோ. நம் அடையாறு பக்கத்திலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில், பிரிண்டர் ஒரு வீட்டை அச்சடித்துவிட்டது. அங்கே படித்த பையன்கள் ஆரம்பித்த த்வஸ்தா என்ற கம்பெனி, 600 சதுர அடி வீட்டை ஐந்து நாளில் எழுப்பியது. 2021 ஏப்ரலில் திறந்துவைத்தார்கள். ஜாங்கிரி பிழிகிற மாதிரிதான். துணிக்குப் பதில் குழாய், மாவுக்குப் பதில் சீக்கிரம் இறுகும் கலவை. கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் குழாய் நகர்ந்து, பிழிந்த அடுக்கின்மேல் இன்னொரு அடுக்காகப் பிழிந்துகொண்டே போகும். சென்ட்ரிங் பலகை வேண்டாம், செங்கல் வேண்டாம். 2023-ல் பெங்களூர் அல்சூரில் இதே வழியில் சுமார் ஆயிரம் சதுர அடியில் ஒரு தபாலாபீஸ் கட்டினார்கள். 43 நாள். தபால்காரர் மணியார்டர் கொண்டுவரும் வேகத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம்.

ஆனால் நாலு நாள் கழித்து நிதானமாக யோசித்தால் தெரியும். பிரிண்டர் பிழிந்தது சுவரை. அஸ்திவாரம் தோண்டி, தளம் போட்டு, ஒயர் இழுத்து, பைப் பதித்து, கக்கூஸுக்கு வாட்டம் கொடுத்தது எல்லாம் மனிதர்கள்தான். ஒரு வீட்டின் செலவில் சுவர் ஒரு பங்குதான். கல்யாணத்தில் மெஷின் தாலி கட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தி பரிமாற ஆள் வேண்டாமா?

*

ரோபோ மேஸ்திரி புது விஷயமும் இல்லை. ஜப்பானில் ஷிமிஸு என்ற பெரிய கட்டுமானக் கம்பெனி 1983-லேயே இரும்பு உத்தரங்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு அடிக்க ரோபோ கொண்டுவந்தது. அங்கே ஆள் பஞ்சம். எண்பதுகளில் ஆளாளுக்கு ஒரு ரோபோ செய்தார்கள். பொருளாதாரக் குமிழி உடைந்ததும் பலதும் ஷெட்டுக்குப் போயின. ஆஸ்திரேலியாவில் ஹேட்ரியன் என்ற மெஷின் நீளமான கையால் செங்கல் அடுக்கி, 2018-ல் ஒரு வீட்டின் சுவர்களை மூன்று நாளுக்குள் முடித்தது.

இதற்கெல்லாம் பாட்டன் ஒருத்தர் உண்டு. ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர். நூறு வருஷத்துக்கு முன்னால் கொத்தனார்கள் செங்கல் வைப்பதை உற்றுப் பார்த்தார். ஒரு கல்லை வைக்க 18 அசைவு. குனிகிறார், எடுக்கிறார், புரட்டுகிறார், தட்டுகிறார். கல்லை இடுப்பு உயரத்தில் வைத்துக்கொடுத்து, கலவையின் பதத்தைச் சரிபண்ணி, 18-ஐ 5 ஆக்கினார். மெஷின் ஒன்றும் இல்லை, வெறும் யோசனைதான். ‘வேலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால், எந்தத் துண்டு வேண்டாதது என்று தெரியும்’ என்ற பாடம் அங்கிருந்துதான் கிளம்பியது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான். அது உங்கள் உத்தியோகத்தைப் பறிக்காது. உத்தியோகத்தில் திரும்பத் திரும்ப வருகிற துண்டு எதுவோ அதைப் பறிக்கும். உங்கள் உத்தியோகமே அந்த ஒரு துண்டுதான் என்றால் கஷ்டம்.

நம் ஊரில் ரோபோ கொத்தனார் ஏன் வரவில்லை? கணக்கு சுலபம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து தகர ஷெட்டில் தங்கி வேலை செய்ய ஆள் இருக்கும்வரை, கோடி ரூபாய் மெஷினை யார் வாங்குவார்கள்? மேலும் ஒரு மெஷினைக் கொண்டுவந்து மயிலாப்பூர் சந்துக்குள் நிறுத்த முதலில் நாலு ஸ்கூட்டர், ஒரு பூக்காரம்மா, ஒரு பிள்ளையார் கோயில் மூன்றையும் நகர்த்தவேண்டும். முதல் இரண்டு முடியலாம்.

ஆக, சினிமாவில் காட்டுகிற மாதிரி ரோபோ செங்கல் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம். வந்தது வேறு வழியாக. முன்வாசலில் காவல் போட்டுக் காத்திருந்தோம், அது மாடிப்படி ஏறி நேரே ஆபீஸுக்குள் போய்விட்டது.

*

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது தி.நகரில், பாண்டிபஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸ். ஹால் முழுக்கச் சாய்ந்த மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிராஃப்டர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன். ரோட்ரிங் பேனா, டிரேஸிங் பேப்பர். தப்பாக இழுத்த கோட்டைப் பிளேடால் சுரண்டுவார்கள். பின்கட்டில் அம்மோனியா பிரிண்ட் போடும் இடம். அங்கே போய்வந்தால் ஜலதோஷம் தானே விலகும்.

தலைமை டிராஃப்ட்ஸ்மேனை எல்லோரும் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணக்குப் போடத் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் பி.இ. என்ற தெம்பில் ஒரு தூணும் உத்தரமும் சேரும் இடத்துக்குக் கம்பி கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“கணக்கு சரிதாண்டா அம்பி. இந்த எட்டுக் கம்பிக்கு நடுவிலே ஜல்லி எப்படி இறங்கும்?”

கணக்குப்படி பலம் போதும். ஆனால் கம்பிகளுக்கு நடுவில் இடம் இல்லையென்றால் கான்கிரீட் இறங்காது, உள்ளே பொந்து விழும். என் புத்தகத்தில் அது ஒரு வரி. அவருக்கு அது நாற்பது வருஷம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 1982-ல் அமெரிக்காவில் வெளியான ஆட்டோகேட், பத்து வருஷம் கழித்து எங்கள் மாடி ஏறியது. அதற்கென்று தனி அறை, தனி ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். முதலாளிக்குக்கூட ஏ.சி. இல்லாத காலத்தில் அதற்கு இருந்தது. சில மாதத்தில் விசேஷம் தெரிந்துவிட்டது. ஒரு மாடியின் படத்தை வரைந்தால் அடுத்த ஏழு மாடிக்கும் ‘காப்பி’ என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும். எட்டு மேஜை ஆறாயிற்று, மூன்றாயிற்று. யாரையும் ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லவில்லை. போனவர் இடத்தில் புதிதாக ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மாமா ரிட்டயரானபோது மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, அவர் மேஜையைக் காயலான் கடைக்குப் போட்டார்கள்.

மேற்படி ஆபீஸில் லாபம் கூடியது. சம்பளமும் கொஞ்சம் கூடியது. ஆனால் ‘ஜல்லி எப்படி இறங்கும்?’ என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் செலவை எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் எழுதுவதில்லை.

*

ஆபீஸில் மாமா போனார். சைட்டில் போனது சித்தாள்.

பழைய காலத்தில் தளம் போடுவது ஒரு திருவிழா. காலையில் மிக்ஸருக்குத் தேங்காய் உடைப்பு. வரிசையாகச் சாரத்தில் ஆள் நிற்கும். பாண்டுச் சட்டி கைமாறி, தலைமாறி மேலே போகும். தலையில் சும்மாடு கட்டிய பெண்கள். கலவை காய்வதற்குள் முடிக்கணும் என்பதால் சாயங்காலம் வரை ஓயாது. முடிந்ததும் வீட்டுக்காரர் கேசரி, வடை, தலைக்கு இத்தனை என்று கொடுப்பார். இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு, பகலில் கனரக லாரி நுழைய முடியாத தெருவில், வயிறு சுழலும் லாரி வந்து நிற்கும். பூம் பம்ப் தன் தும்பிக்கையை நீட்டும். ஐந்தாறு பேர் வைப்ரேட்டர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தெருவே தூங்காது. விடிவதற்குள் தளம் ரெடி. கேசரி இல்லை.

இதில் சோகம் பாடுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாள் முழுக்கத் தலையில் சுமந்து நாற்பது வயதில் கழுத்து தேய்ந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுமை போனது நல்லதுதான். ஆனால் சுமையோடு கூலியும் போயிற்று. மெஷின் ஓட்ட யாராவது அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பழக்கினார்களா? நான் பார்த்த சைட்டுகளில் பம்ப்பின் ரிமோட்டைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். முன்னேற்றம் வரும்போது எப்போதும் ஒரு கியூ இருக்கிறது. அதில் கடைசியில் நிற்பவர் யார் என்று பார்த்தால் ஊரைப் பற்றித் தெரிந்துவிடும்.

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கொண்ட அரசாங்கக் குடியிருப்பு ஒன்று 2022 மேயில் திறக்கப்பட்டது. தூண், உத்தரம், தளம் எல்லாம் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிப் பொருத்தினது. தி.நகர் தெற்கு உஸ்மான் ரோடில் 2025-ல் திறந்த பாலமும் இரும்பு உத்தரங்களைக் கொண்டுவந்து பொருத்தினதுதான். அந்தத் தெருவில் மாசக்கணக்கில் சென்ட்ரிங் போட்டு நின்றால் தீபாவளி வியாபாரம் என்னாவது? வேலை மறையவில்லை, இடம் மாறுகிறது. தெருவிலிருந்து தொழிற்சாலைக்கு. மழையிலிருந்து கூரைக்குள்ளே. மாறுகிற வண்டியில் நாம் ஏறினோமா என்பதுதான் கேள்வி.

*

இப்போது மூன்றாவது மாடிப் பையனின் உண்மையான பிரச்னைக்கு வருகிறேன்.

ஒரு ஜூனியர் இன்ஜினியர் முதல் இரண்டு வருஷம் என்ன செய்தான்? படத்தைப் பார்த்துக் கம்பி நீளம் எடுத்துப் பட்டியல் போட்டான். சதுர அடி, கன அடி கணக்கெடுத்தான். டியூப் லெவல் பிடித்தான். அப்ரூவலுக்குப் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கவுன்டர் கவுன்டராக நின்றான். எல்லாம் சலிப்பான வேலை. இன்றைக்கு இவை எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் செய்கிறது. முப்பரிமாண மாடலில் ஒரு சுவரை நகர்த்தினால் கம்பி, சிமென்ட், பெயின்ட் வரை பட்டியல் தானே மாறும். ட்ரோன் ஒரு ரவுண்டு பறந்தால் எத்தனை லோடு மண் எடுத்தார்கள் என்று சொல்லிவிடும். கான்ட்ராக்டருக்கு அதனால் ட்ரோனைப் பிடிக்காது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை ஒரு மாடி வீடு கட்ட, ஆன்லைனில் சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி. கவுன்டரும் இல்லை, கக்கமும் இல்லை.

ஜனங்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சலிப்பான வேலைகள்தான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடமாக இருந்தன. கம்பிப் பட்டியல் போட்டுப் போட்டுத்தான் எந்த உத்தரத்தில் எவ்வளவு கம்பி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகும். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, ‘பத்தாவது படியில் அனுபவமுள்ள ஆள் தேவை’ என்று கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கின்றன. பத்தாவது படிக்கு ஹெலிகாப்டரிலா வருவான்?

அனுபவம் எதற்கு, அதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு தேதி சொல்கிறேன்.

2014 ஜூன் 28. மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் மழையன்று சரிந்தது. 61 பேர் செத்துப் போனார்கள். சிமென்டுப் பையைத் தலையணையாக வைத்துப் படுத்த கூலி ஜனங்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் வசதி நம் ஊரில் வந்து இருபது வருஷத்துக்கு அப்புறம் நடந்தது இது.

2017 ஏப்ரல் 9. ஞாயிற்றுக்கிழமை. அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே ரோடு உள்வாங்கி, ஒரு மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. கீழே இருந்தது உலகத் தரமான மெஷின். ஆனால் மண் என்பது கேடலாக் படித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது இல்லை. இங்கே பாறை, பத்தடி தள்ளிப் பொலபொலவென்று மணல். மெஷின் அழுத்தம் இத்தனை என்று எண் காட்டும். அந்த எண் சரியில்லை, நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சொல்வதற்குத் தைரியம் வேண்டும். தைரியத்துக்கு அனுபவம் வேண்டும்.

அதனால்தான் இன்றைக்கு மயிலாப்பூரில் வேறு மாதிரி வேலை முளைத்திருக்கிறது. திருமயிலை ஸ்டேஷனில் இரண்டு பாதைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. சுமார் 35 மீட்டர் ஆழம். பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் பூமிக்குள் இறக்குகிற சமாசாரம். மேலே நூறு வருஷத்து வீடு, கோயில், காபிக் கடை. இப்படிச் சுரங்கம் போகிற இடங்களில் பக்கத்துக் கட்டடங்களில் சாய்வு பார்க்கும் கருவி, விரிசல் அளக்கும் கருவி என்று ஒட்டி வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் செய்தி வரும். அந்தச் செய்தியைப் படித்து, இது வெயிலில் விரிந்ததா, நிஜமாகவே இறங்குகிறதா என்று சொல்லச் சிவில் இன்ஜினியர் தேவை. நான் படித்த காலத்தில் இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

*

மூன்றாவது மாடிக்கும், அவனைப் போல எனக்கு எழுதிக் கேட்கும் தம்பிகளுக்கும் நாலு விஷயம்.

ஒன்று, மெஷினைக் கற்றுக்கொள். முப்பரிமாண மாடல், டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன் எதையும் விடாதே. ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்று சொன்ன டிராஃப்ட்ஸ்மேன்கள் முதலில் போனார்கள். கற்றுக்கொண்ட இரண்டு பேர் பதினைந்து வருஷம் கூடுதலாக இருந்தார்கள்.

இரண்டு, மெஷின் பதில் சொல்வதற்கு முன்னால் உன் பதிலைக் கவர் முதுகில் எழுதிவை. பத்துக்குப் பன்னிரண்டு ரூம். ஐந்து அங்குலத் தளம். தளத்தின் எடை, மேலே டைல்ஸ், குடியிருப்போர் பாரம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள். ரூம் பதினோரு சதுர மீட்டர். ஆக ஏழு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது கம்ப்யூட்டர் எழுபது டன் என்று சொன்னால் எவனோ ஒரு சைபரைக் கூடத் தட்டியிருக்கிறான். 0.7 என்று சொன்னால் ஓடிப்போய் வேலையை நிறுத்து. இந்தக் கவர் முதுகுதான் உன் சம்பளம்.

மூன்று, பழைய கட்டடம் பக்கம் பார். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு முழுக்க எழுபது எண்பதுகளில் கட்டிய ஃப்ளாட்டுகள். கடல் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து சாம்பாரில் விழுகிறது. எந்த இரண்டு ஃப்ளாட்டும் ஒரே மாதிரி இல்லை, ஒரிஜினல் டிராயிங் எவரிடமும் இல்லை, அசோசியேஷன் செகரட்டரியும் பொருளாளரும் பேசிக்கொள்வதில்லை. இந்த மூன்றையும் சமாளிக்க ரோபோ கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்.

நாலாவது முக்கியமானது. கையெழுத்து. சாஃப்ட்வேர் டிசைன் செய்யும், செக் பண்ணும், அப்ரூவல்கூட வாங்கிக் கொடுக்கும். கீழே கையெழுத்துப் போடாது. கட்டடம் சரிந்தால் கோர்ட் கூண்டில் லேப்டாப்பை ஏற்ற மாட்டார்கள். சுயசான்று என்பதற்கே அர்த்தம் அதுதான். கவுன்டர்கள் போய்விட்டன, பொறுப்பு உன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. தெரிந்து போட்ட கையெழுத்துக்கு இனிமேல்தான் விலை. கம்ப்யூட்டர் நீட்டினதைப் படிக்காமல் போடுகிற கையெழுத்து இருக்கிறதே, அதை ரப்பர் ஸ்டாம்ப்பே செய்யும். அதற்கு பி.இ. வேண்டாம்.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒன்று. ஜூனியர் செய்கிற வேலையை மெஷின் செய்கிறது என்பதால் ஜூனியரே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு பேரை எடுத்து, மெஷின் போட்ட கணக்கைத் திரும்பக் கையால் போடச் சொல்லுங்கள். தண்டச் செலவு மாதிரித் தெரியும். விதை நெல்லும் அப்படித்தான் தெரியும், பசிக்கிறபோது.

*

கடைசியாக, மந்தைவெளியில் ஒரு சைட். ஒரு மேஸ்திரி, முப்பது வருஷமாகத் தூக்குக் குண்டும் ரசமட்டமுமாக இருந்தவர். பில்டரின் மகன் புதிதாக லேசர் லெவல் வாங்கித் தந்திருந்தான். சுவர் முழுக்கப் பச்சைக் கோடு, ரம்பைக்கு ஒட்டியாணம் கட்டின மாதிரி. டைல்ஸ்காரர்கள் அதைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் பழைய டியூபில் தண்ணி பிடித்து ஓரமாக ஒருமுறை சரிபார்த்துவிட்டு, “நிறுத்துங்கடா” என்றார்.

“ஏன், லேசர் தப்பா காட்டுதா?” என்றேன்.

“சேச்சே, அது கரீட்டாத்தான் ஸார் காட்டுது” என்றார் மேஸ்திரி. “அத்த வெச்ச ஸ்டூலு ஆடுது. அத்த யாரு பாக்கறது?”